அரை வயிற்றுக்காரி எழுதுகிறேன், அக்கா

அக்கா,

கோழிப் பெரட்டலின் வாடை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டேன். மின்விசிறியை முழு வேகத்தில் சுழல விட்டேன். எலுமிச்சை வாசம் வரும் மருந்தைப் போட்டுத் தரையைத் துடைத்தேன். எதற்கும் அசையவில்லை. காலையில் உன் வருட நினைவுப் பூசைக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது மாமா ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் திணித்தார். நீ போன பிறகுதான் உன் வீட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டார். "உங்க அக்கா பண்ற மாதிரியே வந்திருக்கு ரீட்டா. வேணாம்னு சொல்லாத லா," என்றார்.

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து செனாய் வரை அந்த வாடையோடுதான் காரை ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். மிளகும் சோம்பும் கறிவேப்பிலையும் எண்ணெயில் சேர்ந்து கருகின அந்த வாடை மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறவில்லை. வயிறு நெஞ்சுக்கு எழும்பி வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு டப்பாவை அப்படியே எதிர்வீட்டு லிம் ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

செத்துப் போனவர்களுக்கு எல்லாரும் அன்பாக எழுதுகிறார்கள். எனக்கு அது வரவில்லை. இந்த ஒரு வருடத்தில் உன்னைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் சும்மா தலையாட்டுகிறேன். உள்ளுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதுகிறேன். உனக்கும் இதுதான் பிடிக்கும். அழுது வடிகிறவளை உனக்கு எப்போதுமே ஆகாது.

நாம் இரண்டு பேரும் குண்டாகவே வளர்ந்தோம். அதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது, உனக்கும் வராது. பள்ளிக்கூடத்தில் நம்மை 'ரெண்டு லோரி' என்று கூப்பிட்டார்கள். நீ பெரிய லோரி, நான் சின்ன லோரி. அப்படிக் கூப்பிட்ட பையன் ஒருவனை நீ சட்டைக் காலரைப் பிடித்துச் சாக்கடை ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. அன்றிலிருந்து உன் பக்கத்தில் நடந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினேன். நாற்பது வயது வரை நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் பக்கத்து மமாக் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். "பசியாறலாம் வா," என்பாய். ஆளுக்கு நாலு ரொட்டி சானாய், பருப்புக் கறி, மேலே மீன் குழம்பு, பெரிய கிளாஸில் தே தாரே டீ. சாப்பிட்டு முடித்து, "இன்னொன்னு?" என்று கேட்பாய். நான் தயங்கினால், "அலமாக், எனக்கு மட்டும் கொண்டாந்தா அந்த ஆளு என்னைய ஒரு மாதிரி பாப்பான். நீயும் சொல்லு," என்பாய். நானும் சொல்வேன். நீ தனியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. உனக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு நிறைந்திருக்க வேண்டும். அந்தத் தட்டு எப்போதும் என்னுடையது.

இதை நான் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்தெட்டு வயதில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, 'பொண்ணு கொஞ்சம் மெலிஞ்சா நல்லது' என்று சொல்லி அனுப்பினார்கள். நான் ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். சாயங்காலம் மேட்டில் நடந்தேன். மெலிய ஆரம்பித்தேன் அக்கா, பாவாடை நாடா தளர்ந்தது. அப்போதுதான் நீ தினமும் ராத்திரி மைலோ கலக்கிக் கொண்டு வர ஆரம்பித்தாய். இனிப்பு டின் பால் கெட்டியாக அடியில் நிற்கும். "அவனுக்காக நீ பட்டினி கெடக்கணுமா? குடி," என்பாய். குடிக்கும் வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பாய். அந்த மாப்பிள்ளை போனது எனக்கு வருத்தமில்லை. அவன் ஆளும் சரியில்லை. ஆனால் அந்த மைலோ யாருக்காக என்று நான் அப்போதே கேட்டிருந்தால், பின்னால் நடந்தது எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

சர்க்கரை நோய் நம் இருவருக்கும் ஒரே வருடத்தில் வந்தது. எனக்கு ஊசி போடும் அளவுக்குப் போய்விட்டது. உனக்கு அதற்கு மேல். ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரிக்கு இருவரும் நீ ஓட்டும் பள்ளி வேனில்தான் போனோம். பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கிவிட்டு நேராகக் கிளம்பினாய். வேனுக்குள் ஜூஸும் சாக்ஸ் நாற்றமும் கலந்து அடித்தது. டாக்டர் இளம் பெண், மலாய்க்காரப் பெண், ரொம்ப மரியாதையாகப் பேசினார். மருந்து மட்டும் போதாது, இரண்டு பேருக்குமே வயிற்றில் ஆப்பரேஷன் செய்தால் நல்லது என்றார். வயிற்றைச் சிறிய பை மாதிரி தைத்து, குடலைக் கீழே கொண்டுபோய் இணைப்பார்களாம். படம் வரைந்து காட்டினார். நான் படத்தைப் பார்த்தேன். நீ டாக்டரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வேனில் திரும்பும்போது நீதான் ஆரம்பித்தாய்.

"வயித்த வெட்டிக்கிட்டு வாழணுமா? பைத்தியமா அந்தப் பொண்ணு?"

"நான் பண்ணிக்கலாம்னு இருக்கேன்க்கா."

சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை விழுந்தும் நீ வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான்.

"என்னா சொன்ன?"

"ஊசி போட்டு போட்டு அலுத்துப் போச்சு. கால் மரத்துப் போகுது. ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ணிக்கலாம்க்கா. ஒரே வார்டுல படுத்துக்கலாம்."

"நீ போ," என்றாய். "நீ மட்டும் போ."

அதற்குப் பிறகு வீடு வரை வானொலிதான் பேசியது.

ஆப்பரேஷனுக்கு நீ வரவில்லை. மாமாதான் வந்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் வந்தாய், கையில் ஒன்றும் இல்லாமல். கட்டில் காலடியில் நின்று என்னைப் பார்த்தாய். "உரிச்ச கோழி மாதிரி கெடக்குற," என்றாய். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கிறது என்று நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அது உன் பாசம் என்று அப்போதும் நினைத்தேன். எவ்வளவு மடச்சி நான்.

தனியாக இருக்கிறவள் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் மிஸ்ஸி உன்னையும் மாமாவையும் உட்கார வைத்துத் தெளிவாகச் சொல்லியிருந்தார். முதலில் தண்ணீர் மாதிரியான சூப். பிறகு மசித்தது. பிறகு மென்மையானது. ஒரு தேக்கரண்டி, நிறுத்து, இன்னொரு தேக்கரண்டி. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முக்கியமாக இனிப்பு கூடாது. இனிப்பு அந்தச் சின்னப் பையில் நிற்காமல் குடலுக்குள் ஓடிவிடும், உடம்பு தாங்காது என்றார். "அவ்ளோதானே மிஸ்ஸி, நான் பாத்துக்கறேன்," என்று நீதான் சொன்னாய்.

சூப் நாட்களில் நீ ஒழுங்காகத்தான் இருந்தாய். வடிகட்டித் தெளிவாகக் கொடுத்தாய். ஆனால் நான் குடிக்கும்போது எதிரில் உட்கார்ந்து நீ சாப்பிட்டாய். தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், வறுத்த கோழித் தொடை, மீன் தலைக் கறி. எலும்பை உடைத்து உறிஞ்சுவாய். "வாடையாவது புடி," என்பாய். வாடையே எனக்கு ஆகவில்லை. ஆப்பரேஷனுக்குப் பிறகு என் மூக்கு வேறொருத்தியின் மூக்கு ஆகிவிட்டது. மீன் வாடை வந்தால் நெஞ்சு புரட்டியது. அதைச் சொன்னேன். "இப்ப என் சமையல் நாறுதா உனக்கு?" என்று கேட்டாய்.

மசித்த சாப்பாடு ஆரம்பித்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் பூசணிக்காய் வேகவைத்து மசித்துக் கொடுத்தாய். இனித்தது. பூசணிக்காய் இனிக்கும்தானே என்று சாப்பிட்டேன். நாலைந்து தேக்கரண்டிதான் உள்ளே போயிருக்கும். உடம்பு முழுக்க ஜில்லென்று வேர்த்தது. நெஞ்சு துடிக்கிற சத்தம் காதில் கேட்டது. குடலை யாரோ முறுக்கினார்கள். கழிப்பறைக்குப் போவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தேன். செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். மாமா கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். அவர் உன்னிடம் கத்துவது கேட்டது. இத்தனை வருடத்தில் அவர் உன்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என்னத்த கலந்த? சொல்லு, என்னத்த கலந்த?"

"கொஞ்சூண்டு டின் பால். சத்து வேணாமா அவளுக்கு?"

"மிஸ்ஸி சொன்னாங்களா இல்லையா?"

"மிஸ்ஸி ஆயிரம் சொல்லுவா. பெத்தவ மாதிரி வளத்தது நானு."

என்னைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தீர்கள். மாமா துண்டு நனைக்கப் போனார். நீ குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாய். அதை அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். "இப்பவாச்சும் தெரியுதா? வெட்டிக்கிட்டது தப்புன்னு தெரியுதா?"

உன் முகத்தில் பயம் இல்லை அக்கா. நான் தேடிப் பார்த்தேன். பந்தயத்தில் ஜெயித்தவளின் முகம் அது. டின் பாலைக்கூட நான் மறந்திருப்பேன். அந்த முகத்தை மறக்க முடியவில்லை. எழுந்து நிற்க முடிந்ததும் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு செனாய்க்கு வந்துவிட்டேன். நீ வாசல் வரை வரவில்லை.

அதற்குப் பிறகு நான் சாப்பிடக் கற்றுக்கொண்டது எப்படி என்று உனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இப்போது சொல்கிறேன்.

ஒரு காப்பித் தட்டு, ஒரு தேக்கரண்டி. இரண்டையும் தவிர மற்ற பாத்திரங்களை அலமாரியில் ஏற்றிவிட்டேன். வேகவைத்த முட்டையை மசித்து ஒரு வாய் வைத்து, அது கூழாகும் வரை மென்று, விழுங்கி, தேக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். நேற்று இறங்கிய முட்டை இன்றைக்கு இறங்காது. காரணம் கிடையாது. சோயாத் தவ்ஹு இறங்கும். கோழி நெஞ்சுக்கறி நார் நாராய் மாட்டிக்கொள்ளும். சோறு உள்ளே போய் ஊதிக்கொள்ளும். ஒரு வாய் கூடிப்போனால் நெஞ்சுக் குழியில் கல் விழுந்த மாதிரி நிற்கும். வாயில் நுரை நுரையாய் எச்சில் கட்டும். தொழிற்சாலைக் கேன்டீனில் ஒரு தடவை அப்படி ஆகி, கழிப்பறைத் தொட்டியில் துப்பிக்கொண்டு நின்றேன். கூட வேலை செய்கிற பெண் முதுகைத் தடவிக்கொடுத்து, "மாசமா இருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள். என் வயதுக்கு! சிரித்ததில் மாட்டியிருந்தது வெளியே வந்துவிட்டது.

தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சத்து மாத்திரையை விழுங்கவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் உடம்புக்கு. மனசுக்கு நடந்தது வேறு. வேலை முடிந்து வரும் வழியில் மமாக் கடையில் ரொட்டி வீசுகிற சத்தம் கேட்டால் காரை ஓரம் கட்டி விடுவேன். உள்ளே போக மாட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வயிற்றில் இடம் இல்லை, ஆனாலும் வேண்டும். சந்தோஷம் வந்தால் சாப்பிட்டவள், துக்கம் வந்தால் சாப்பிட்டவள், சும்மா இருந்தாலும் சாப்பிட்டவள் நான். சாப்பாட்டை எடுத்துவிட்டால் சாயங்காலத்தை என்ன செய்வது என்றே தெரியவில்லை. அழுகை வரும். அந்த மாதிரி நேரத்தில் கூப்பிட்டுப் பேச எனக்கு உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளைத்தான் கூப்பிட முடியாது.

ஊசி நின்றது. காலில் உணர்ச்சி திரும்ப வந்தது. ஒரு நாள் தரையில் கிடந்த எறும்பு கடித்தது தெரிந்ததும் சமையலறையில் நின்று தனியாகச் சிரித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மாமாதான் அழைத்தார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். சொந்தக்காரர்களிடம் நான் பித்தக்கல் ஆப்பரேஷன் என்று சொல்லியிருந்தேன். உன்னிடமும் மாமாவிடமும் மட்டும்தான் உண்மை. யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் கையைப் பிடித்துக் கேட்டிருந்தேன், நினைவிருக்கிறதா? உன் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். நான் உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் பெரியம்மா, "அடி ரீட்டா, எப்படி இளைச்சிட்ட! என்னடி பண்ண?" என்றார்.

நீ சமையலறையிலிருந்து வந்தாய். கையில் குவித்த தட்டு. நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கட்லெட். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்.

"அவ ஒன்னும் பண்ணல பெரியம்மா. டாக்டர் பண்ணாரு. வயித்த அறுத்து தச்சிட்டாங்க. அரை வயித்துக்காரி இவ. இந்தா, அரை வயித்துக்காரி, சாப்பிடு."

எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். தட்டை என் மடியில் வைத்தாய். நான் தொடவில்லை. "ஏன், எங்க வீட்டு சாப்பாடு எறங்காதா?" என்று நீயே ஒரு கறித் துண்டை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினாய். "வாயத் தொற. அக்கா கையால ஒரு வாய்." அத்தனை பேர் முன்னால் என்ன செய்ய முடியும்? வாயைத் திறந்தேன். நீ துண்டைப் பெரிதாகவே எடுத்திருந்தாய்.

மென்று தின்னத்தான் பார்த்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததில் சீக்கிரம் விழுங்கிவிட்டேன். நின்றுவிட்டது. நெஞ்சு அடைத்து, நுரை பொங்கி, எழுந்து ஓடினேன். கழிப்பறைக் கதவைத் தாளிட்டுக் குனிந்து நின்றேன். வெளியே நீ பேசுவது கேட்டது. "பாருங்க, பாருங்க, காச குடுத்து வாங்கிக்கிட்ட வினை." யாரோ சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது என் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. நான் நேராக உன்னிடம் வந்தேன்.

"நான் மெலிஞ்சது உனக்குப் பொறுக்கல. அதான?"

நீ பதிலுக்குக் கத்துவாய் என்று நினைத்தேன். உன் குரல் தாழ்ந்தது. "என்னைப் பாத்து அருவருத்துத்தான நீ வெட்டிக்கிட்ட?" என்றாய். "இவள மாதிரி ஆயிடுவோம்னு பயந்துதான?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. உண்மையில் உன்னைப் பார்த்துத்தான் பயந்தேன். படியேறும்போது உன் மூச்சு வாங்குவதைக் கேட்டுத்தான் பயந்தேன். அதில் அருவருப்பு இல்லை. உனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கும் அன்று பொறுமை இல்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அதற்குப் பிறகு நம் இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு திரும்ப வந்தது ஆஸ்பத்திரியில். பிரேக்கை மிதித்து மிதித்து உன் கால் கட்டைவிரலில் கொப்புளம் வந்திருக்கிறது. உணர்ச்சி இல்லாததால் உனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது கறுத்துவிட்டது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். கிருமி ரத்தத்துக்குப் போனது, இதயமும் பலவீனம் என்றார்கள். மாமா போனில் அழுதார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன்.

நீ கட்டிலை நிறைத்துக்கொண்டு படுத்திருந்தாய். ஆஸ்பத்திரிக் கஞ்சி மூடியபடி அப்படியே இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"குச்சி மாதிரி ஆயிட்ட," என்றாய். "நல்லா இல்ல."

"சரி."

"இப்ப எவ்ளோ சாப்பிடுற?"

"அரை கப். சில நாளு அதுவும் இல்ல."

"பசிக்காதா?"

"பசிக்கும். சாப்பிட்டா அடங்கிடும்."

நீ மூடியிருந்த கஞ்சியைப் பார்த்தாய். பிறகு கேட்டாய். அந்தக் கேள்வியை நீ கேட்பாய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"எப்படிடி இருக்கும், அடங்குறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நாலு ரொட்டி சானாயிலும் உனக்கு அடங்கியதே இல்லை. நெய்ச்சோற்றில் அடங்கியதில்லை. வாழ்க்கை முழுக்க, சின்ன வயதிலிருந்து, ஒரு தடவைகூட.

"நெஞ்சுக்குக் கீழ யாரோ கைய வச்சு, போதும்னு சொல்ற மாதிரி இருக்கும்க்கா," என்றேன். "அதுக்கப்புறம் தட்டுல என்னா இருந்தாலும் வேணாம். கண்ணுகூட அந்தப் பக்கம் போகாது."

கண்ணைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மையில்லை. மற்றது உண்மை.

நீ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். "பொய்," என்றாய். "சும்மா என் வயிறு எரியணும்னு சொல்ற."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் காலை மாமா கீழே காப்பி வாங்கப் போன நேரத்தில் மூச்சுத் திணறி உன் இதயம் நின்றது.

இந்தக் கேள்வியை நீ வேனில் கேட்டிருக்கலாம், அக்கா. சிவப்பு விளக்கில் நின்றோமே, அப்போது கேட்டிருக்கலாம். டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆப்பரேஷன் முடிந்து நான் உன் வீட்டுக் கட்டிலில் கிடந்தபோது, அந்த டின் பாலைத் திறந்த கையை நிறுத்திவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். நான் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். நீ கேட்கவில்லை. என்னை வீழ்த்திக் காட்டுவதில்தான் உனக்கு அவசரம். விரல்களை எடுத்த பிறகு கேட்கிறாய். கேட்டுவிட்டு, சொன்ன பதிலையும் நம்பாமல் போகிறாய். இதற்காகத்தான் என்னால் உன்னை மன்னிக்க முடியவில்லை.

இன்று பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு. நான் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா தட்டில் பிரியாணியைப் பிசைந்துகொண்டே பக்கத்தில் இருந்தவர்களிடம் உன்னைப் பற்றிச் சொன்னார். "நல்லா சாப்பிட்டா, நல்லா வாழ்ந்தா. ஆண்டவரும் வேதனை இல்லாம கூப்பிட்டுக்கிட்டாரு. வாயக் கட்டி வயித்தக் கட்டி இருக்கறவங்க என்னத்த கண்டாங்க?" என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன் போலிருக்கிறது. நின்றதுகூட எனக்கு நினைவில்லை.

"நல்லா வாழல பெரியம்மா. ஒரு மாடி ஏற முடியாம பாதிப் படியில உக்காந்து வாழ்ந்தா. செருப்பு மாட்ட மாமா குனியணும். விரல வெட்டி, மூச்சு முட்டி செத்தா. நாப்பத்தஞ்சு வயசு அவளுக்கு. வேதனை இல்லன்னு சொல்லாதீங்க. நான் பாத்தேன்."

"பூசை அன்னைக்குப் பேசுற பேச்சா இது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மாமா வந்து என் தோளைத் தொட்டு வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் உன்கிட்ட வேற மாதிரி சொல்லுவாங்க ரீட்டா. கடைசில உன்னைய நெனச்சு அழுதா, பாசமா பேசுனான்னு. நான் பொய் சொல்ல மாட்டேன். அவ கடைசி வரைக்கும் உன் மேல கோவமாத்தான் இருந்தா."

"தெரியும் மாமா."

"சாப்பாட்டு நேரம் வந்தா போதும், உன்னைய திட்டுவா. அந்த அரை வயித்துக்காரி இப்ப என்னத்த மென்னுக்கிட்டு இருக்காளோ, எறங்குதோ இல்லையோ, தனியா கெடந்து சாவட்டும்னு. எனக்கு சோத்தப் போட்டுக்கிட்டே திட்டுவா."

"தினமுமா?"

"தினமும். ஒரு வேள கூட விட்டதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது அக்கா. கார்களுக்கு நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மாமா பயந்துபோய்ப் பார்த்தார். பிறகுதான் போய் அந்தப் பெரட்டல் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார்.

நானும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. காலை, மத்தியானம், ராத்திரி, ஒவ்வொரு வேளையும் முதல் வாயை மெல்ல ஆரம்பித்ததும் நீ வந்துவிடுகிறாய். 'இதான் சாப்பாடா?' என்கிறாய். 'கொஞ்சம் நெய் போட்டா என்னா?' என்கிறாய். மென்றுகொண்டே நான் உன்னைத் திட்டுகிறேன். நீ போன பிறகும் ஒரு வேளை விட்டதில்லை. தனியாகச் சாப்பிடுகிறேன் என்று எல்லாரும் என்மேல் பரிதாபப்படுகிறார்கள். தனியாகச் சாப்பிட நீ எங்கே விட்டாய்?

இந்தக் கோபத்தை நான் இறக்கி வைக்கப் போவதில்லை. மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று ஃபாதர் சொன்னார். என் உடம்பு போதுமான அளவுக்கு லேசாகிவிட்டது. இது இருக்கட்டும். உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் நீ ஒரேயடியாகச் செத்துவிடுவாய்.

நாளைக்குக் காலை ஷிப்ட். அடுப்பில் முட்டை வேகிறது. முழுசும் முடியாது, முடிந்த வரைக்கும் சாப்பிடுவேன். மெதுவாக மெல்லுவேன். போதும் என்றதும் நிறுத்துவேன். எழுந்து வேலைக்குப் போவேன். உன் வயதைத் தாண்டுவேன், பெரியம்மாவின் வயதையும் தாண்டுவேன். உனக்கு அது பிடிக்காது. பிடிக்காமலே இரு.

ரீட்டா